அழியாபுரியில் ததேயுஸ்

கடலுக்குப் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆன பிறகு, ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்கு, குருசுத்துறை ததேயுஸ் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குள் நடந்து போனான். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம், முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடிதண்ணீர் கொண்டுபோகும் மஞ்சள் கேன், காலில் செருப்பில்லை. புயலுக்கு முந்தின நாள் வள்ளத்தில் ஏறும்போது எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான், தலைமுடி மட்டும் ஈரமாக இருந்தது. திரையின் இடது ஓரத்தில் வந்தான், கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால் நடந்தான், வலது ஓரத்தில் மறைந்தான். மொத்தம் ஒன்பது நொடி.

தொடரின் பெயர் 'அழியாபுரி'. திங்கள் முதல் வெள்ளிவரை சாயங்காலம் நாலு மணி. ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டருக்குள் ஒரு நகரம் கட்டி வைத்திருக்கிறது; நோயாளிகளும் வயசாளிகளும் உடம்பை வெளியே போட்டுவிட்டு நினைவை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே குடிபோகலாம்; அங்கே பசி கிடையாது, வியர்வை கிடையாது, சாவும் கிடையாது; வெள்ளை வெளேரென்ற தெருக்கள், வெள்ளை வீடுகள், எங்கே பார்த்தாலும் நிழலே விழாத வெளிச்சம். அந்த நகரத்தின் வாசலில் காவல் நிற்கிற இயந்திரப் பெண்ணின் பெயர் இமை. அவளுக்குக் கண் இமைக்காது. வருகிறவர்களை நிறுத்தி விசாரித்து உள்ளே விடுவதற்காகச் செய்யப்பட்டவள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே துக்கப்படக் கற்றுக்கொள்கிறாள். அதனால் கம்பெனிக்காரர்கள் அவளை நிறுத்திப் போடப் பார்க்கிறார்கள். அதுதான் கதை. எங்களூர்ப் பெண்கள் வலைக் கம்பெனியில் வேலை முடிந்து மூன்றரைக்கு வீடு வந்து, மீன் அரிந்துகொண்டே அதைப் பார்ப்பார்கள். பாதி புரியாது. இமையின் முகம் பிடித்திருந்ததால் பார்த்தார்கள்.

ததேயுஸின் மனைவி ஜெனோவாவும் அன்றைக்குச் சாளை மீன் அரிந்துகொண்டுதான் இருந்தாள். முதலில் பார்த்தது எட்டு வயது மகள் அபிஷா.

"அம்மா, அப்பா செருப்பு போடாம போறாவ."

ஜெனோவா தலையை நிமிர்த்தினாள். அலறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கையில் பாதி அரிந்த சாளையோடு, தொடர் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை அப்படியே இருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மூன்று வீடு தள்ளியிருக்கும் கொழுந்தன் கிளீட்டஸின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கிளீட்டசு, உன் அண்ணன் டி.வி.ல போறாரு."

கிளீட்டஸ் வலைக்கயிறு முடிந்துகொண்டிருந்தான். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "எப்படி இருக்காரு மயினி?" என்று கேட்டான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மயினி என்றுதான் கூப்பிடுவோம்.

"மெலிஞ்சிருக்காரு."

அந்தப் புயல் எங்களூரில் பதினோரு பேரைக் கொண்டுபோயிருந்தது. பத்துப் பேரை ஒவ்வொருவராகக் கடல் திருப்பித் தந்தது, சிலரை மோதிரத்தைப் பார்த்து, சிலரைப் பல்லைப் பார்த்து அடையாளம் கண்டு அடக்கம் செய்தோம். ததேயுஸ் மட்டும் வரவில்லை. அதே வள்ளத்தில் இருந்த தம்பி கிளீட்டஸை மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக்கொண்டு வந்தது. அலை அடித்ததில் அண்ணன் கை நழுவிவிட்டது என்று அவன் சொன்னான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் மார்சலின் மூன்று தடவை ஜெனோவாவிடம் அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் அவள், "ஆளு வராம என்னத்த சாமி அடக்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்களூரில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வள்ளங்கள் முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டன, ஐஸ் கம்பெனியில் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள், கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த பெரிய டி.வி.யைத் தூக்கிக்கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தார்கள், டி.வி. உள்ள வீடுகளில் டி.வி. இல்லாத வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், யாரும் யாரையும் வா என்று சொல்லவுமில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவுமில்லை. நாலு இருபதுக்கு அவன் வந்தான். தூரத்தில், ஒரு வெள்ளை வீட்டின் மூலையில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்க முயல்வதுபோல இருந்துவிட்டு, கேனைக் கை மாற்றிக்கொண்டு போனான். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது.

குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்த ததேயுஸின் அக்காள் ஃபோனில் அதே தொடரைப் பார்த்தாள். அவளுக்கு வெறும் தெருதான் தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில், ஒரே கேபிள்காரரின் ஒரே கம்பியில் வந்த படத்திலும் அவன் இல்லை. கோயிலடியிலிருந்து ஆற்றுமுகம்வரை உள்ள டி.வி.களில் மட்டும்தான் இருந்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மழை பெய்து அந்தப் பக்கம் பெய்யாமல் போகிற நாள் எத்தனையோ உண்டு.

பத்து நாளில் அது எங்களுக்குப் பழகிவிட்டது. காலையில் குழாயடியில் பெண்கள் 'நேத்து ததேயுஸ் கிழக்கால போனான்' என்று பேசிக்கொண்டார்கள், கரண்ட் ஆபீசில் போய் நாலு முதல் நாலரைவரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், கல்யாணத்துக்கு நேரம் குறிக்கிறவர்கள் அந்த அரை மணியை விட்டுவிட்டுக் குறித்தார்கள். அவனுக்குத் தாடி வளரவில்லை என்பதையும், கேனில் தண்ணீர் குறையவில்லை என்பதையும், அவன் நடந்த இடமெல்லாம் ஈரக் கால்தடம் பதிகிறது என்பதையும், நண்டு அளவில் உள்ள துடைக்கிற இயந்திரங்கள் பின்னாலேயே வந்து அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுகின்றன என்பதையும் கவனித்து வைத்திருந்தோம். அவன் தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் ஏதோ கேட்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதையில் அவனுக்கு வசனம் இல்லை, ஆகையால் அவன் வாய் மட்டும் அசைந்தது.

கோயில் மண்டபத்தில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அழியாபுரி மோட்சமா, பாவம் தீரும்வரை ஆத்துமாக்கள் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலமா என்று இளைஞர் குழு சாமியாரிடம் கேட்டது. சாமியார் பதில் சொல்லுமுன் வள்ளக்காரர் சூசைநாயகம் எழுந்து, "மோட்சம்னா அங்க கடல் இருக்கணும்லா. அந்த ஊர்ல ஒரு சொட்டு கடல் இல்ல. அது மோட்சமா இருக்க வழியில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஜெனோவா ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு வந்து குளித்து, தலை சீவி, நல்ல சேலை உடுத்து டி.வி.க்கு முன்னால் உட்காருவாள். அபிஷாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டையை மாற்றி வேறு சட்டை போடுவாள். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரியுமா என்றும் தெரியாது. இருந்தாலும் உடுத்தினாள்.

மூன்றாவது வாரம், இமை அவனைப் பார்த்தாள்.

அன்றைக்குக் கதையில் வில்லன் விஞ்ஞானி அவளை மிரட்டிக்கொண்டிருந்தான். 'உன் நினைவை ஒரு பொத்தானில் அழித்துவிடுவேன்' என்று அவன் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே, இமை தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். தரையில் ஈரக் கால்தடம் இருந்தது. துடைக்கிற இயந்திரம் ஒன்று அதன் மேல் ஏறப்போனது. இமை குனிந்து அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். விஞ்ஞானி எதுவும் நடக்காததுபோல மிரட்டிக்கொண்டே இருந்தான். அவள் அவனை விட்டுவிட்டுத் தடங்களின் பின்னால் நடந்து போனாள்.

மறுநாள் அவள் ததேயுஸின் பக்கத்தில் நின்றாள். ததேயுஸ் அவளிடம் ஏதோ பேசினான், சத்தம் வரவில்லை. அவள் கேட்டு முடித்து, இமைக்காத கண்களோடு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"இவர் கேட்கிறார்: அபிஷாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?"

மண்டபத்தில் அழுகைச் சத்தம் எழும்பியது, அது தெருவில் வீடு வீடாக ஒரே நேரத்தில் எழும்பியது. அவன் கடலுக்குப் போன வாரம் அபிஷாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. வீட்டில் அபிஷா எழுந்து டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று, உதட்டை இரண்டு விரலால் தூக்கிப் பல்லைக் காட்டினாள்.

"முளைச்சிட்டுப்பா. பாருங்க. ரெண்டும் முளைச்சிட்டு."

இமையின் பார்வை அவள் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. படம் விளம்பரத்துக்குப் போய்விட்டது. அபிஷா விளம்பரம் முடியும்வரை உதட்டைத் தூக்கியபடியே நின்றாள், பிறகும் நின்றாள். ஜெனோவா அவளைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இமை எங்களூர்க்காரி ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டு வாசிக்கும்போது யாரோ 'இமை என்ற அந்த மகளுக்காகவும்' என்று சேர்த்துச் சொன்னார்கள். பூசை முடிந்ததும் இரண்டு பேர் சாமியாரிடம் போய், இயந்திரத்துக்கு ஆத்துமா உண்டா, அதற்காக மன்றாடலாமா என்று கேட்டார்கள்.

"ஆத்துமா உண்டான்னு எனக்குத் தெரியாது மக்கா. அந்த ஊர்ல நம்ம ஆளுகிட்ட பேசுறது அவ ஒருத்திதான். மன்றாடுங்க" என்றார் அவர்.

நாலு நாள் கழித்து இரண்டாவது கேள்வி வந்தது. அன்றைக்குக் கிளீட்டஸும் ஜெனோவாவின் வீட்டில்தான் இருந்தான், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இவர் கேட்கிறார்: தம்பி கரை சேர்ந்தானா?"

கிளீட்டஸ் வெளியே போய்விட்டான். தெருவில் நடக்க ஆரம்பித்தவன் கடற்கரை வழியாக ஆற்றுமுகம்வரை போய், தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றுகொண்டிருந்தான். இருட்டுமுன் நாலு பேர் போய் அவனைக் கூட்டிவந்தார்கள்.

மூன்றாவது கேள்வி அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

"இவர் கேட்கிறார்: கடல் எந்தப் பக்கம்?"

அப்போதுதான் அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்து எதைக் கேட்க முயன்றான் என்பது எங்களுக்கு விளங்கியது. ஊரே கத்தியது. தெக்கு, தெக்கு என்று ஆணும் பெண்ணும் குழந்தைகளும் டி.வி.யைப் பார்த்துக் கத்தினோம், கையைத் தூக்கிக் காட்டினோம், சிலர் டி.வி.யின் பக்கவாட்டைத் தட்டினார்கள். ததேயுஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வடக்கே நடந்தான்.

திங்கட்கிழமை தொடர் முடிந்ததும் புதிதாக ஒரு முன்னோட்டம் போட்டார்கள். பெரிய எழுத்துகள் தீப்பிடித்து எரிந்தன. 'வரும் வெள்ளிக்கிழமை, அழியாபுரி அழிகிறது! காணத் தவறாதீர்கள்!' பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டதால் தொடரை முடிக்கப் போகிறார்களாம். கேபிள்காரர் விசாரித்துச் சொன்னார். நாங்கள் இத்தனை பேர் பார்க்கிறோமே என்று கேட்டோம். நாம் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களை எண்ணுவதற்கென்று ஒரு பெட்டி உண்டு, அந்தப் பெட்டி நம்மூரில் யார் வீட்டிலும் இல்லை என்றார் அவர்.

அன்று சாயங்காலமே ஜெனோவாவும் கிளீட்டஸும் மார்சலின் சாமியாரும் நாகர்கோவிலில் ரயில் ஏறினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் தொடரின் இயக்குநரைப் பார்த்தார்கள். இளங்கண்ணன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், சாமியாருக்கு மரியாதையாக நாற்காலி போட்டான், ஜெனோவா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அம்மா, உங்கள நான் நம்பலன்னு சொல்ல மாட்டேன். வாங்க, காட்டுறேன்" என்று ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் அந்தக் காட்சிகளைப் போட்டான். ததேயுஸ் இல்லை. ஈரத்தடம் இல்லை. இமை பல்லைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் கேட்ட இடத்தில், அவள் வில்லனோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"நகரம் எங்க இருக்கு?" என்று ஜெனோவா கேட்டாள். "அந்தத் தெரு. அதக் காட்டுங்க, நான் போய்ப் பாத்துக்கிடுகேன்."

இளங்கண்ணன் பக்கத்துக் கூடத்தின் கதவைத் திறந்தான். உள்ளே மூன்று சுவரிலும் தரையிலும் பச்சைத் துணி கட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மேலே விளக்குகள்கூடக் கழற்றப்பட்டிருந்தன. "இங்கதான் எடுப்போம். தெருவு, வீடு எல்லாம் பின்னால கம்ப்யூட்டர்ல போடுறது" என்றான். ஜெனோவா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பச்சைத் துணியை முழுக்கத் தொட்டுக்கொண்டே மூன்று சுவரையும் சுற்றி வந்தாள். ஒரு மூலையில் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பின்னால் பார்த்தாள். செங்கல்.

"அழிக்காம விடக் கூடாதா சார்? கதைய முடிச்சிடுங்க, ஊர மட்டும் விட்டுடுங்க."

"எடுத்து முடிச்சுக் கொடுத்தாச்சும்மா. இப்ப என் கையில எதுவும் இல்ல. நானே வேலை தேடிக்கிட்டிருக்கேன்." சொல்லும்போது அவன் முகம் சிவந்துவிட்டது.

இமையாக நடித்த பெண் அதே வளாகத்தில் இன்னொரு தொடரில் பட்டுச் சேலை கட்டி மருமகளாக நடித்துக்கொண்டிருந்தாள். நேத்ரா என்று பெயர். இடைவேளையில் வந்தாள். ஒரு வருஷம் இமைக்காமல் நடித்ததில் கண் கெட்டுப்போய், இப்போது ஓயாமல் இமைத்துக்கொண்டிருந்தாள், கையில் சொட்டு மருந்துச் சீசா வைத்திருந்தாள். ஜெனோவா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீ அவருகூட நின்னியே தாயி. நீ மட்டுந்தான் நின்ன."

"அக்கா, அது நான் இல்லக்கா" என்றாள் அவள். "நான் நடிச்சு முடிச்சு ஒரு மாசம் ஆச்சு. நீங்க சொல்ற வார்த்தை எதுவும் எனக்கு எழுதிக் கொடுத்தது இல்ல. அவ யாருன்னே எனக்குத் தெரியலக்கா."

"ஒரே ஒரு தடவ சொல்லு. கடல் தெக்கு பக்கம்னு சொல்லு. உன் குரலு அவருக்குத் தெரியும்லா."

நேத்ரா பட்டுச் சேலையோடு அந்தப் பச்சைத் துணிக் கூடத்துக்குள் போய் நடுவில் நின்றாள். கேமரா இல்லை. வலிக்கிற கண்களை விரித்து, இமைக்காமல் பிடித்துக்கொண்டு, இமையின் குரலில், "கடல் தெற்குப் பக்கம் இருக்கிறது. நீங்கள் தெற்கே நடக்க வேண்டும்" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அது அழுகையா வலியா என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று தடவை சொன்னாள். பிறகு வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில், விடிந்து திருநெல்வேலி தாண்டின பிறகு, கிளீட்டஸ் அதைச் சொன்னான். சாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். கிளீட்டஸே பிற்பாடு எங்கள் எல்லோரிடமும் சொன்னதுதான் இது. வள்ளம் கவிழ்ந்து அண்ணனும் தம்பியும் ஐஸ்பெட்டி மூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அண்ணனுக்குக் கால் மரத்துவிட்டது. தம்பி ஒரு கையால் மூடியையும் ஒரு கையால் அண்ணனையும் பிடித்திருந்தான்.

"கை நழுவிட்டுன்னு சொன்னேன் மயினி. நழுவல்ல. நான் விட்டேன். விரல நான்தான் விரிச்சேன்."

ஜெனோவா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றாலைகள் வந்து வந்து போயின. வள்ளியூர் வந்தது, ரயில் நின்றது, கிளம்பியது.

"கரை சேந்தானான்னு கேட்டாரே" என்றாள் கடைசியில். "அதுக்கு நம்மளால ஒரு பதில் சொல்ல முடியலையே கிளீட்டசு."

அவள் அவனை மன்னித்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. பையில் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவன் பக்கம் நகர்த்தினாள் என்று சாமியார் சொன்னார்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ததேயுஸ் வடக்கேயும் கிழக்கேயும் நடந்தான். நேத்ரா சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. அழியாபுரியின் கோடியில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியிருந்தன. வீடு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாத வெண்மை வந்து நின்றது. கதையில் உள்ளவர்கள் மூட்டைகளோடு ஓடினார்கள். இமையை விஞ்ஞானி கைவிலங்கு போட்டு நிறுத்தினான், அடுத்த காட்சியில் அவள் விலங்கோடு ததேயுஸின் பக்கத்தில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளீட்டஸ் கோயில் மண்டபத்துக்கு வந்து, "அந்த டி.வி.ய எனக்குத் தாங்க சாமி" என்றான். எதற்கு என்று கேட்டதற்கு, "கடலு எந்தப் பக்கம்னு சொல்ல நம்மளால முடியல. சத்தமாவது கேக்கட்டும்" என்றான்.

யாரும் அவனைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து கடற்கரைவரை மின்கம்பி இழுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு இருந்த வயரையெல்லாம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார்கள், கேபிள்காரர் தன் சுருள் கம்பி முழுவதையும் அவிழ்த்தார், அலை நனைக்காத அளவுக்கு மிகக் கிட்டத்தில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் டி.வி.யை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள், சாயங்கால வெயில் திரையில் அடிக்காமல் இருக்க நாலு பேர் நாலு பக்கமும் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றே முக்காலுக்கு ஊரில் நடக்க முடிந்த அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்திருந்தோம், நடக்க முடியாத இரண்டு பேரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தோம். சத்தத்தை நிறுத்திவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், இமை சொல்லுவது கேட்க வேண்டும் என்றாள் ஜெனோவா.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. அலைகள் பெரிதாக வந்து விழுந்தன. இன்னும் பெரிதாக விழட்டும் என்று எங்களில் பலரும், வாழ்க்கையில் முதல் தடவையாக, மனதுக்குள் கேட்டுக்கொண்டோம்.

நாலு மணிக்குத் தொடங்கியது. விஞ்ஞானியும் போலீசும் கம்பெனிக்காரர்களும் நிறையப் பேசினார்கள். அழியாபுரியின் தெருக்கள் ஒவ்வொன்றாக வெள்ளையில் கரைந்தன, மரங்கள் போயின, வாசல் போனது, துடைக்கிற சின்ன இயந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூட்டமாக ஓடி அவையும் போயின. நாலு இருபதுக்கு மேல் ததேயுஸ் வந்தான். கடைசியாக மிச்சமிருந்த தெருவில் அவனும் இமையும் மட்டும் இருந்தார்கள். வெண்மை அவர்களுக்குப் பின்னால் ஒரு வீட்டுத் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்தான். எப்போதும் அப்படித்தான் சாய்ப்பான், அதனால் அவனுக்குக் கேட்டது என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக அவன் எங்கள் பக்கம் திரும்பினான், கேனைத் தரையில் வைத்தான், நடந்து வந்தான், வரவர முகம் பெரிதானது, கண்ணிமைகளில் ஒட்டியிருந்த தண்ணீர்த் துளிகூடத் தெரிந்தது. அபிஷா அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி உதட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கிளீட்டஸ் தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடியே, "அண்ணே, நான் இஞ்ச இருக்கேன்" என்று கத்தினான். ஜெனோவா கத்தவில்லை. மணலில் முழங்கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ததேயுஸின் வாய் அசைந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் அசைந்தது. இமை கேட்டுக்கொண்டிருந்தாள். வெண்மை அவள் பாதத்தில் ஏறி, முழங்காலுக்கு ஏறி, விலங்கு போட்ட கைகளை எடுத்துக்கொண்டது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவர் சொல்கிறார்..." என்றாள்.

விளம்பரம் வந்துவிட்டது. ஒரு பெண் துணி துவைக்கிற பவுடரைப் பற்றிப் பாடினாள், சாம்பார்ப் பொடி வந்தது, ஒரு நகைக்கடை வந்தது, மறுபடியும் பவுடர் வந்தது. யாரும் அசையவில்லை, ஒருவர் மீது ஒருவர் விழுந்து அழவும் இல்லை, தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே இறக்கவில்லை. விளம்பரம் முடிந்தபோது திரையில் வெறும் வெள்ளை இருந்தது. அதன் மேல் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. இளங்கண்ணனின் பெயர் போனது, நேத்ராவின் பெயர் போனது, விளக்கு பிடித்தவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள், வண்டி ஓட்டினவர்கள் எல்லோருடைய பெயரும் போனது. அவன் பெயர் வருமோ என்று கடைசிவரை பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஒரு சமையல் நிகழ்ச்சி தொடங்கியது. சூசைநாயகம் எழுந்துபோய் டி.வி.யை நிறுத்தினார். அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

அவன் என்ன சொன்னான் என்பதைப் பற்றி அன்று தொடங்கிய பேச்சு இன்றும் எங்களூரில் ஓயவில்லை. தம்பியை மன்னித்துவிட்டேன் என்று சொன்னான் என்பார்கள் சிலர். கடல் கேட்கிறது என்று சொன்னான் என்பார்கள் சிலர். பிள்ளையைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னான் என்று அபிஷாவின் வகுப்பில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். உதட்டசைவைப் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று ஒருத்தி சொன்னாள். கிளீட்டஸ் மறுபடியும் கடலுக்குப் போகிறான். ஜெனோவாவிடம் கேட்டால், "நமக்கு எத்தாதே" என்பாள், நமக்கு எட்டாது என்று, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் சாமியாரின் அறைக்குப் போனாள்.

"பூசை வச்சிடலாம் சாமி."

சாமியார் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அலமாரியிலிருந்து பங்கின் இறப்புப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். ததேயுஸின் பெயரையும், அவன் அப்பா அம்மா பெயரையும், வயதையும் அவளிடம் கேட்காமலே எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தேதி என்ன எழுதட்டும்மா? புயல் அடிச்ச நாளா?"

"இல்ல சாமி. முந்தாநேத்து வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு இருபத்தாறு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் எழுதினார்.

"இடம்?"

"நம்ம கடற்கரை."

அதையும் எழுதினார். மூடியைப் பேனாவில் போடப் போனபோது அவள், "இன்னொண்ணு சாமி" என்றாள்.

"சொல்லும்மா."

"நாங்க எல்லாரும் பக்கத்துல இருந்தோம்னு எழுதுங்க."

அந்தப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. சாமியார் ஓரத்தில், எழுத்து ஒன்றோடொன்று இடிக்க, சின்னதாக எழுதினார்.